இல்லாத காய்ச்சல்

இருட்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ட்யூ. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்றுமில்லை. மறுபடி ட்யூ. ஒரே சுருதி, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பறவையாக இருந்தால் இத்தனை கணக்காகக் கூப்பிடுமா, மெஷினாக இருந்தால் இத்தனை ஏக்கமாகக் கேட்குமா என்று காந்திமதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். மடியில் பாதி மடித்த சுடிதார், காலடியில் வாயைப் பிளந்துகொண்டு பெட்டி. மகள் அரசி பிறந்ததும் மஞ்சள் காமாலை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கில் படுக்க வைத்திருந்தார்களே, அப்போது பக்கத்தில் ஒரு மெஷின் இப்படித்தான் விட்டுவிட்டுக் கூப்பிட்டது. சத்தம் வருகிறவரை பயமில்லை என்று நர்ஸ் சொன்னாள். நின்றால்தான் பயம். அன்று முழுக்க அடுத்த சத்தம் வருமா வருமா என்று காத்தவள், இப்போது பாளையங்கோட்டையிலிருந்து கடல் தாண்டி, கிரேக்க நாட்டின் இந்தச் சின்ன ஊரில், அதே மாதிரிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ட்யூ. வந்துவிட்டது. அடுத்தது? என்ன பைத்தியக்காரத்தனம், இதற்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே வைதாள். சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. மத்தியானம், இங்கே நாடகப் பயிற்சி நடத்துகிற எலேனி டீச்சரிடம் போய், என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல், நான் உடனே ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னது அவளுடைய வாய்தானே. அரசிக்குக் காய்ச்சலுமில்லை, தும்மலுமில்லை. பெற்ற பிள்ளைக்கு இல்லாத காய்ச்சலை வாயால் வரவழைத்தவள் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா?

டீச்சர் நம்பிவிட்டாள், அதுதான் பெரிய கொடுமை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால்கூட காந்திமதி உளறிக் கொட்டி அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பாள். கேட்கவில்லை. வெயிலில் காய்ந்த பெரிய கையை அவள் தலையில் வைத்து, போ, பிள்ளைதான் முதலில், நாடகம் எங்கும் ஓடிப்போகாது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இங்கேயேதானே இருக்கிறது என்றாள். நாளைக் காலை வண்டிக்குச் சொல்லி வைப்பதாகவும் சொன்னாள். அதோடு விட்டிருக்கக் கூடாதா? சேர்ந்து குரல் கொடுக்கிற கோரஸை இனிமேல் உனக்குப் பதில் சாம்பவி நடத்தட்டும் என்று சேர்த்துச் சொன்னாள், ஏதோ அடுப்பில் கிடக்கிற பாலை ஒருத்தி பார்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. சாம்பவி, இதே அறையில் எதிர்க் கட்டிலில் படுக்கிற பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கனடாவில் பிறந்து வளர்ந்தது, காலேஜ் மூன்றாம் வருஷம். கணுக்காலில் கொலுசு மாதிரி ஒரு கறுப்புக் கயிறு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வயசு. வந்த அன்றைக்கே, அக்கா நீங்கள் பிள்ளையை நினைச்சு இரவில் சத்தம் போட்டு அழுவீங்களோ, நான் காதுக்குப் பஞ்சு வாங்க வேணுமோ என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள்மேல் கோபப்பட முடியாது, அதுவே எரிச்சலாக இருந்தது. இப்போது கீழே முற்றத்து ஒலிவ மரங்களுக்கு அடியில் அவள்தான் மற்றவர்களை நிறுத்திவைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். மூச்சை இழுத்து, நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் விடுகிற சத்தம் ஜன்னல் வழியாக மேலே வந்தது. அதற்கு நடுவில் ட்யூ. பிறகு சாம்பவியின் குரல், காந்திமதியின் வரியைச் சொல்லிற்று. மெல்லிசான குரல், நன்றாகத்தான் சொன்னாள், எங்கே நிறுத்த வேண்டும் என்று காந்திமதி கண்டுபிடித்து வைத்திருந்தாளோ அதே இடத்தில் நிறுத்தினாள். திருட்டு. திருட்டு என்று எப்படிச் சொல்வது, தானே தூக்கிக் கொடுத்துவிட்டு.

எலேனியே பழைய முறையில் எழுதிய நாடகம் அது. கப்பலேறிப் போன பிள்ளைகளுக்காகக் கரையில் நிற்கிற தாய்மார்கள்தான் கோரஸ். மலைச்சரிவில் வெட்டிய கல் அரங்கில், பயிற்சியின் கடைசி வாரம், ஊர்ச் சனங்களுக்கு முன்னால் ஆட வேண்டும். முதல் நாள் டீச்சர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, யாரும் யாருக்கும் சைகை காட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவரின் மூச்சை மட்டும் கேட்டு எல்லோரும் ஒன்றாக முதல் அடி எடுத்து வையுங்கள் என்றாள். மற்றவர்கள் முட்டிக்கொண்டார்கள், சிரித்தார்கள். காந்திமதிக்கு அது ஒரு வித்தையாகவே படவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து இருட்டில் படுத்துக்கொண்டு வேறு என்ன செய்துகொண்டிருந்தாள், இன்னொரு உயிரின் மூச்சைக் கேட்பதைத் தவிர? அவள் அடி எடுத்து வைத்தபோது எல்லாருடைய காலும் கூடவே நகர்ந்தது. டீச்சர் அப்படியே நின்று அவளைப் பார்த்தாள். நீதான் என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கான்வென்ட்டில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனுக்கு அவள்தான் பேசுவாள், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு. மேடையில் இறக்கை கட்டிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தவள் ஹெலன் ஷீபா என்கிற வெள்ளைத்தோல் பெண். உனக்குக் குரல் கொடுத்த ஆண்டவர் அவளுக்கு முகம் கொடுத்தார், பொறாமை பாவம் மகளே என்றார் சிஸ்டர் பெர்க்மான்ஸ். அந்தப் பாவத்தை அவள் அன்றைக்கே நெஞ்சார ருசித்து முடித்துவிட்டாள். இங்கேயோ எல்லோருக்கும் முகமூடி. காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியைப் பிளாஸ்டரில் நனைத்து, அவரவர் முகத்தின் மேலேயே அச்செடுத்துச் செய்தது. கறுப்பு என்ன, சிவப்பு என்ன, குரல் இருக்கிறவள் முன்னால் நிற்க வேண்டியதுதான். அந்த இடத்தைத்தான் இன்று மத்தியானம் ஒரு பொய்யைச் சொல்லிக் கைகழுவிவிட்டு வந்திருக்கிறாள். எதற்காக? ஒரு கம்மலுக்காக.

நேற்றுச் சாயந்திரம் ஆவுடையப்பன் வீடியோவில் கூப்பிட்டான். புருஷன் நல்லவன், மின்வாரியத்தில் வேலை, நீ போய்ட்டு வா, இந்த மாதிரி வாய்ப்பு மறுபடி வராது என்று அவனே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவன். அவனிடம் ஒரே ஒரு குறை, எதைக் காட்ட வேண்டும் எதைக் காட்டக் கூடாது என்று தெரியாது. பாரு, உன் மக எப்படித் தூங்குதான்னு பாரு என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். மாடியில் அவன் அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவி செல்லக்கனி அக்கா தோளில் அரசியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். படம் ஆடிற்று, விட்டுவிட்டு நின்றது, அப்புறம் தெளிந்தது. அரசியின் கை அக்காவின் காதில் இருந்தது. காது மடலை இரண்டு விரலால் பிடித்து உருட்டிக்கொண்டே தூங்குவது, அது காந்திமதியின் காதுக்கு மட்டும் கிடைத்த உரிமை. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து அப்படித்தான். அப்பாவின் காதைக் காட்டினால்கூடத் தட்டிவிட்டு அழுகிற பிள்ளை. அதைவிட, அக்காவின் காதில் கம்மல் இல்லை. அந்த எட்டுக்கல் கம்மலை அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள், அவள் அம்மா போட்டு அனுப்பியது, அது இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. பிள்ளையின் விரலில் குத்துமே என்று கழற்றி வைத்திருக்கிறாள். வெறும் துளை, நீளமாக இழுபட்ட துளை, அதன்மேல் அரசியின் விரல். கலியாணமாகி எத்தனையோ வருஷமாகியும் பிள்ளை தங்காத ஒருத்தி, அந்த நகையை எடுத்து ஒரு டப்பாவில் வைக்கும்போது என்ன நினைத்திருப்பாள்? நல்லா இருக்கால்லா, என்றான் ஆவுடையப்பன். நல்லா இருக்கா, என்றாள் காந்திமதி. போனை வைத்ததும் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது, யாரோ அறைந்த மாதிரி.

அழுதிருந்தால் தேவலை. என்னைத் தேடுதாளா என்று கேட்கும்போதெல்லாம், தேடவே இல்ல, நீ நிம்மதியா படி என்று சொல்கிறார்களே, அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளை ஏங்கிப்போகக் கூடாது, ஆனால் கொஞ்சம் ஏங்க வேண்டும், எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வேப்பிலை. புறப்படுவதற்கு முன்னால் பால் மறக்கடிக்க வேண்டும் என்றார்கள். செல்லக்கனி அக்காதான் கொழுந்தாகப் பறித்து அம்மியில் அரைத்துக் கொண்டுவந்தாள், பச்சையாக, ஒரு கிண்ணத்தில். பூசிக்கிடு, ரெண்டு நாள் கத்துவா, அப்புறம் சரியாயிரும், எல்லாரும் செய்றதுதான் என்றாள். காந்திமதி பூசிக்கொண்டாள். அரசி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்து வாயை வைத்தாள். வைத்த வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. யார் நீ என்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம்தான் அழுகை. அடுத்த நாள் காந்திமதி சட்டைப் பொத்தானில் கை வைத்தாலே பிள்ளை தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது, திருப்பின பக்கத்தில் வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். அக்காவின் மேல் தப்பில்லை. தப்பில்லை, தப்பில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கிண்ணம்தான் கண்ணுக்குள் வருகிறது. கசப்பு முழுக்க இவள் பேரில், இனிப்பு முழுக்க அவள் பேரில். பதினாலு மாசத்துப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது என்று டாக்டர் சொல்லலாம், நாக்கு மறக்குமா? இங்கே வந்த புதிதில் முற்றத்து மரத்திலிருந்து ஒரு பச்சை ஒலிவக்காயைப் பறித்துக் கடித்துவிட்டாள், உப்பில் ஊறப்போடாமல் அதைத் தின்ன முடியாது என்று தெரியாமல். அந்தக் கசப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துப்பவில்லை. அரசி இதைத்தானே சப்பினாள் என்று மென்று விழுங்கினாள். சாம்பவி பார்த்துவிட்டு, அக்கா, உங்களுக்கு விசரோ, பைத்தியமோ என்றாள்.

ட்யூ. கீழே பயிற்சி முடிந்த மாதிரி இருந்தது, நாற்காலிகள் இழுபட்டன. காந்திமதி சுடிதாரைப் பெட்டியில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். நாளைக்குக் காலை வண்டி, அப்புறம் விமானம், நாளை மறுநாள் வீடு. படியேறி மாடிக்குப் போகிறாள், அக்கா கதவைத் திறக்கிறாள், தோளில் அரசி. இவள் கையை நீட்டுகிறாள். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு சிக்கிக்கொண்டு நின்றது. பிள்ளை என்ன செய்யும்? தாவி வருமா, அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளுமா? புதைத்துக்கொண்டால் அக்காவின் முகத்தில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஒன்று வந்து போகுமே, அதைத் தன்னால் தாங்க முடியுமா? தாவி வந்துவிட்டால் சரி. தாவி வந்தாலும் வேறொன்று இருக்கிறது: கல் அரங்கில், விளக்கு வெளிச்சத்தில், முகமூடிக்குள் சாம்பவியின் குரல். அதற்கு ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே இருந்தால் அக்காவிடம் பிள்ளை, அங்கே போனால் சாம்பவியிடம் இடம். எங்கே நின்றாலும் மற்ற இடத்தில் யாரோ ஒருத்தி தன் வேலையைத் தன்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருப்பாள். நடுவில் இந்தப் பொய் வேறு. சொன்னது பலித்துவிட்டால்? இந்நேரம் உடம்பு கொதித்துக்கொண்டு, கண் செருகி, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு... சீ. வாயைப் பொத்திக்கொண்டாள், நினைப்பு என்னவோ வாயிலிருந்துதான் வருகிற மாதிரி. சிஸ்டர் பெர்க்மான்ஸ் சொல்வார், பொய்யர்களின் வீட்டு ஜன்னலில் ஒரு பறவை வந்து உட்காரும் என்று. சிஸ்டர் அப்படிச் சொன்னாரா, இல்லை, இப்போது தானாகத் தோன்றியதா? ட்யூ.

பொறுக்க முடியாமல் போனை எடுத்தாள். அறைக்குள் சிக்னல் கிடையாது, நடைவழியின் கோடியில் ஜன்னலோரம் நின்றால்தான் கிடைக்கும். ஆவுடையப்பனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஊரில் நேரமாகிவிட்டது, தூங்கியிருப்பான், இவ்வளவுதான் விஷயம். ஏன் தூங்கியிருக்க வேண்டும்? போனை வீட்டிலேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால்? மறுபடி அடித்தாள். மறுபடி. படியில் காலடி கேட்டது. சாம்பவி பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு ஏறி வந்தவள், இவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். காந்திமதிக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, அது என்ன சத்தம் என்றாள்.

"அது ஆந்தை அக்கா. கையளவு சின்ன ஆந்தை. பயந்திட்டீங்களோ?"

சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். ஆந்தை. மெஷினாகவே இருந்திருக்கலாம். காந்திமதியின் விரல் தானாகச் செல்லக்கனி அக்காவின் எண்ணைத் தேடிற்று. வந்த நாளிலிருந்து அந்த எண்ணுக்கு அவள் ஒரு தடவைகூட அடித்ததில்லை, எல்லாம் புருஷன் வழியாகத்தான். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள், மூச்சுக் குரலில்.

"என்னட்டி இந்நேரத்துல? உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

ஒன்றுமில்லை, அரசிக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்தது. அவளுக்கென்ன, எங்கூடத்தான் கெடக்கா, உங்க அத்தான் தரையில படுத்திருக்காரு, இவ காலைப் பரப்பிக்கிட்டு முழுக் கட்டிலையும் பிடிச்சுக்கிட்டா என்றாள் அக்கா. சூடு ஏதும் இருக்கா, தொட்டுப் பாருங்க அக்கா. தொட்டுப் பார்க்கிற நேரம் இருந்தது. ஒண்ணுமில்ல, சில்லுனு இருக்கா, ஏன், சொப்பனம் கண்டியா? அப்போது காந்திமதி, தான் நாளைக்குப் புறப்பட்டு வருவதாகச் சொன்னாள். படிப்பு எல்லாம் போதும், மனசு கேட்கவில்லை என்றாள். லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள். போகவில்லை, கீழே ஒரு சின்ன மூச்சு, சீராக, ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. அரசியுடையது. அதன்மேல் அக்காவின் குரல் இன்னும் தணிந்து வந்தது.

"வந்துராதட்டி. நீ சொன்ன தேதிக்கே வா. நீ வந்து நின்னேன்னா அவளுக்கு என்னை ஞாபகமே இருக்காது, ஒரு நாழியில மறந்துருவா. எனக்கு அது தெரியும். அதுவரைக்கும் கொஞ்சம் வச்சுக்கிடுதேன். உனக்கு ஆயுசுக்கும் இருக்கா. எனக்கு இவ்வளவுதான் இருக்கு."

அக்கா லேசாகச் சிரித்தாள், உன்னைப் பாத்தா எனக்கு எரியும், தெரியுமா, மாசமா இருக்கும்போது நீ வாந்தி எடுத்ததைப் பாத்துக்கூட எரிஞ்சிருக்கு என்று, ஏதோ கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு, போனை இவ மூக்குகிட்ட வைக்கேன், கேட்டுட்டு வச்சிரு, எனக்கும் தூக்கம் வருது என்றாள். வைத்தாள். மூச்சு காதுக்குள் பெரிதாக வந்து இறங்கிற்று. கான்வென்ட்டில் படித்ததெல்லாம் சேர்ந்து, பெரிய மனசோடு, நீங்க வச்சுக்கிடுங்க அக்கா என்று சொல்லச் சொல்லிற்று. சொல்ல வாய் வரவில்லை. எரிச்சல் போகவுமில்லை, அது நெஞ்சில் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் பக்கத்தில் இன்னொருத்தியின் எரிச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். என் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்கிறாள் என்று எனக்கு அவள்மேல், தனக்குத் தராமல் வைத்திருக்கிறாள் என்று அவளுக்கு என்மேல். இரண்டு பேரும் ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் படுத்துக்கொண்டு, நடுவில் கிடப்பதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு வழியாக, சரிக்கா, தேதிக்கே வாரேன் என்றாள். சொன்ன பிறகுதான் சட்டை முன்பக்கம் ஈரமாகியிருப்பது தெரிந்தது. காய்ந்துவிட்டது என்று நினைத்த பால், அந்த மூச்சைக் கேட்டதும் தானாக இறங்கிவிட்டது.

அறையில் சாம்பவி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, காந்திமதியின் வரிகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்பிடி என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"விட்டுட்டுது," என்றாள் காந்திமதி.

"அப்ப நீங்கள் போகேல்லையோ?"

அந்தக் கேள்வியின் கடைசியில் குரல் லேசாகக் கீழே விழுந்தது. விழுந்ததை மறைக்க, நல்லதாப் போச்சு அக்கா என்று உடனே சிரித்தாள். காந்திமதிக்கு அந்த விழுகை நன்றாகத் தெரியும், திரைக்குப் பின்னால் நின்று வளர்ந்தவள் அல்லவா. பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியில் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அதை அவள் மறுக்கவில்லை. நாளைக்கு டீச்சரிடம் போய்ப் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். டீச்சர் இடத்தைத் திருப்பித் தரலாம், தராமலும் போகலாம். தராவிட்டால் பின்வரிசையில் நின்றுகொண்டு சாம்பவியின் மூச்சைக் கேட்டு அடி எடுத்து வைக்க வேண்டியதுதான், வயிறெரிந்துகொண்டே. போகேல்ல என்று அவள் பாஷையிலேயே சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். சட்டையை அவிழ்த்துத் தொட்டியின் மேல் குனிந்தாள். பால் வெள்ளைப் பீங்கானில் சொட்டிற்று, வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை, விரலில் மட்டும் சூடாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு எதுவும் இல்லை. தண்ணீரைத் திறக்கப் போனவள் திரும்பி, விரலளவு திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். அரசி பிறந்ததிலிருந்து, குளிக்கப் போனாலும், எதற்குப் போனாலும், அவள் ஒரு கதவையும் உள்ளே பூட்டியதில்லை. உட்கார்ந்திருக்கும்போதே தவழ்ந்து வந்து கதவைத் தட்டித் தட்டித் தள்ளுகிற ஒரு கைக்காக எப்போதும் இந்த இடைவெளி. இங்கே வந்தும், யாரும் தவழ்ந்து வராத இந்த ஊரிலும், கை தானாக விட்டுவிட்டு வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அந்த விரலளவு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.